ஜப்பான் கேம் இசையும் மேற்கத்திய கேம் இசையும்: காதால் கேட்டு ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது "பாட்டு சுமார்தான், பி.ஜி.எம். அள்ளுது" என்கிறோம். இதே மூன்றெழுத்தைத்தான் ஜப்பானியர்களும் வைத்திருக்கிறார்கள். கேமுக்குள் ஓடும் இசையை அங்கே பி.ஜி.எம். என்றே சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பி.ஜி.எம். என்று சொல்வதில் பாதியை நம் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினால் "இது பாட்டுல்ல?" என்பார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய பட்ஜெட் கேம்களுக்கு எழுதப்படுவதைச் சினிமாக்காரர்கள் போல 'ஸ்கோர்' என்கிறார்கள். நாம் பி.ஜி.எம். என்று எதைச் சொல்கிறோமோ, அது அதுதான்.

"ஜப்பான்னா மெலடி, மேற்குன்னா அட்மாஸ்பியர்" என்று இந்த விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய. அது பாதி உண்மை. ரொம்ப நாள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபின் எனக்குப் பட்டது வேறு: இசை எதோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஜப்பானியக் கேமில் இசை பெரும்பாலும் இடத்துக்குச் சொந்தம். இந்த ஊருக்கு இந்தப் பாட்டு, இந்தக் குகைக்கு இந்தப் பாட்டு. மேற்கத்தியக் கேமில் அது நேரத்துக்குச் சொந்தம். இப்போது பதுங்குகிறாய், இப்போது பார்த்துவிட்டார்கள், இப்போது ஓடு. இதற்கு விதிவிலக்கு ஏராளம். இந்த வழிகாட்டியில் பாதி அந்த விதிவிலக்குகளைப் பற்றியதுதான்.

சின்ன வயதில் லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போனால் டிவியில் மாரியோ ஓடிக்கொண்டே இருக்கும். ஆச்சி அடுப்படியில் இருப்பார், திரையைப் பார்த்ததே கிடையாது. ஆனால் "என்னலே, தண்ணிக்குள்ள எறங்கிட்டானா?" என்று அங்கிருந்தே கேட்பார். சரியாகத்தான் இருக்கும். தண்ணீருக்கடியில் வந்தால் இசை வால்ட்ஸ் தாளத்துக்கு மாறிவிடும். பாதாளத்துக்குப் போனால் தாழ்ந்த குரலில் விட்டுவிட்டு வரும். கோட்டைக்குள் போனால் படபடக்கும். கேமே தெரியாத ஒரு மனுஷிக்குச் சத்தத்தை வைத்து இடம் தெரிந்தது. அந்த ஒரு கேள்வியில் ஜப்பான் பாணி முழுக்க இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

தொடங்குமுன் சில ஏற்பாடுகள்

ஹெட்போன் வேண்டும். போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது, பழைய கேம் இசையில் பாதிக் கதை பேஸில்தான் இருக்கிறது. போனில் இலவசக் கீபோர்டு ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தத் தெரிந்தால் போதும். அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு இசைக்கும் ஐந்து விஷயம் குறிக்கப் போகிறோம்: எந்த ஆண்டு, எந்த மெஷின், எத்தனை வினாடியில் திரும்ப முதலுக்கு வருகிறது, ஆடுபவர் ஏதாவது செய்தால் மாறுகிறதா, கேமை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து என்ன ஞாபகம் இருக்கிறது.

ஆல்பமாக வெளியிட்டதைக் கேட்காதீர்கள். கேமை ஆடிக் கேளுங்கள், முடியாவிட்டால் யாராவது ஆடும் வீடியோவில் கேளுங்கள். ஆல்பத்தில் குதிக்கிற சத்தம் இருக்காது, கதவு திறக்கிற சத்தம் இருக்காது, ஒரு இசை இன்னொன்றாக மாறும் இடமும் இருக்காது. நமக்கு வேண்டியதே அதுதான்.

இன்னொன்று: ஒரே காலத்து இரண்டை ஒப்பிடுங்கள். 1986-ல் வந்த ஒரு ஃபேமிகாம் கேமையும் 2011-ல் வந்த ஸ்கைரிமையும் பக்கத்தில் வைத்து "ஜப்பான் இப்படி, அமெரிக்கா அப்படி" என்பது மாட்டு வண்டியையும் வந்தே பாரத்தையும் பந்தயம் விடுகிற மாதிரி.

படி 1: ஒரே சிப், இரண்டு கை

எந்திரத்தின் வேறுபாட்டை முதலில் கழித்துவிட வேண்டும். அதற்கு ஒரே சிப்பில் ஒரு ஜப்பானியரும் ஒரு மேற்கத்தியரும் எழுதியதை எடுத்துக்கொள்வோம்.

1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம்தான் 1985-ல் என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்கா போனது. மஞ்சள் கேசட் போட்டு 'டிவி கேம்' என்று நாம் ஆடினோமே, அவற்றில் பல இதன் நகல்கள். இதில் ஒலிக்கு ஐந்து சேனல். இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவு செய்த சிறு துண்டுகளுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

முதலில் 1985-ன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். இசை கோஜி கொண்டோ. கேம் மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பெரியது. தொடக்கத்தை சி-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: க க க, ச க ப, கீழ் ப. குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அதே நேரத்தில் இரண்டாவது குரலையும் பேஸையும் கவனியுங்கள். அந்த 'க க க'வுக்கு அடியில் பேஸ் ரிஷபத்தில் நிற்கிறது, நடுக்குரல் பிரதி மத்யமத்தில் நிற்கிறது. மேலே தாலாட்டு எளிமை, கீழே ஜாஸ் கிளப். இரைச்சல் சேனல் ஹை-ஹாட் போல ஸ்விங்கில் ஆடுகிறது. யூட்டியூபில் கேமின் பெயரோடு ஆஸிலோஸ்கோப் என்று சேர்த்துத் தேடினால், ஒவ்வொரு சேனலையும் தனிக் கட்டத்தில் அலையாகக் காட்டும் வீடியோக்கள் கிடைக்கும். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் காது தானாகப் பிரித்துவிடும்.

ஆடிப் பார்க்கும்போது இன்னொன்று பிடிபடும். மாரியோ குதித்தாலோ காசு எடுத்தாலோ அந்தச் சத்தம் இசையிடமிருந்து ஒரு சேனலைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் கணம் ஒரு குரல் காணாமல் போய்த் திரும்பி வரும். அப்படியும் பாட்டு குலையவில்லை என்பதுதான் கொண்டோவின் கைத்திறன்.

இப்போது அதே சிப்பில் 1990-ன் சில்வர் சர்ஃபர். இங்கிலாந்தைச் சேர்ந்த டிம் ஃபாலின், அவர் சகோதரர் ஜெஃப் இருவரும் செய்தது. முதல் பத்து வினாடியிலேயே "இது அதே மெஷினா?" என்று கேட்பீர்கள். ஸ்வரங்கள் மின்னல் வேகத்தில் உடைந்து ஓடும், சுருதி கிட்டார் கம்பியை இழுத்த மாதிரி வளையும், பேஸுக்கு இருக்கும் முக்கோண அலையே நடுநடுவே டிரம் வேலையும் பார்க்கும். கேம் அநியாயத்துக்குக் கஷ்டம், இசையோ ஒரு ராக் கச்சேரி. பலர் ஞாபகம் வைத்திருப்பது இசையைத்தான்.

ஒரே சிப்பிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி விலகியது? ஃபாலின் வந்த இடம் வேறு. எண்பதுகளில் பிரிட்டிஷ் வீடுகளில் கன்சோலைவிட ஹோம் கம்ப்யூட்டர்தான் அதிகம்: இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64. கமடோரில் பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப் இருந்தது. மூன்றே குரல். ஒரு கார்ட், அதாவது மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து, வாசித்தால் மூன்றும் காலி, மெட்டுக்கு ஆளில்லை. அதனால் ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்கள் ஒரு வித்தையைக் கையில் எடுத்தார்கள். அங்கத்திய டிவி நொடிக்கு 50 முறை திரையை வரையும். ஒவ்வொரு வரைதலுக்கும் ஒரே குரலில் ஸ்வரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், அந்த வேகத்தில் காது மூன்று ஸ்வரத்தையும் சேர்த்து ஒரு கார்ட் என்று நம்பிவிடும். 'குளுகுளு' என்று கொப்பளிக்கும் அந்தச் சத்தம் பிரிட்டிஷ் கேம் இசையின் கைரேகை.

கமடோர் கேம்கள் கேசட்டிலிருந்து ஏற நிமிடக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்புக்கென்றே இசை எழுதினார்கள். பல கேம்களில் தலைப்புத் திரையில் பிரமாண்டமான இசை இருக்கும், உள்ளே போனால் இசை வேண்டுமா, சத்தங்கள் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்கள். ஆக, இசை என்பது சிப்பை வைத்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்று காட்டும் மேடை. ஜப்பானியருக்கோ அது விரல் பட்டனில் இருக்கும்போது அடியில் ஓட வேண்டியது. தலைப்புத் திரையில் ஐந்து நிமிடம் அசத்துவது ஒரு தொழில். ஐந்நூறு தடவை கேட்டும் சலிக்காமல் இருப்பது இன்னொரு தொழில்.

படி 2: லூப் ஒட்டும் இடத்தைப் பிடியுங்கள்

ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு ஐந்து ஜப்பானியக் கேம்களின் லூப்பை அளந்து பாருங்கள். பழையவற்றில் முக்கால்வாசி ஒன்றரை நிமிடத்துக்குள் முதலுக்குத் திரும்பிவிடும். அந்தத் திரும்பும் இடம்தான் கவனிக்க வேண்டியது. கடைசி இரண்டு மாத்திரையை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சரணம் முடித்து பல்லவியை எடுப்பதற்கு முன் ஒரு இழுப்பு வருமே, அது இருக்கும். அங்கே முடிவு என்ற உணர்வே வராது, "அப்புறம்?" என்ற உணர்வுதான் வரும். நல்ல லூப்பில் எது முதல், எது கடைசி என்றே தெரியாது.

மாரியோவின் இசையை கொண்டோ முதல் தடவையே சரியாகப் பிடித்துவிடவில்லை. வெட்டவெளியில் சாவகாசமாக உலாவுவது போல ஒன்றை எழுதி, கேமில் போட்டுப் பார்த்தபோது மாரியோவின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் அது ஒட்டவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு, ஆடும் கையின் தாளத்திலிருந்து புதிதாகத் தொடங்கினார். நம்மில் பலருக்கு அந்தப் பாட்டு காதில் மட்டுமல்ல, கட்டைவிரலிலும் இருக்கக் காரணம் இதுதான்.

இடத்துக்கு ஒரு பாட்டு என்ற பழக்கத்தைச் சட்டம்போல ஆக்கியவர் கொய்ச்சி சுகியாமா. 1931-ல் பிறந்தவர், டிவி நிகழ்ச்சி, விளம்பரம், பாப் பாட்டு எல்லாவற்றுக்கும் இசையமைத்துப் பேர் வாங்கியவர். கம்ப்யூட்டரில் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க ஆட்டம் ஒன்றை ஆடிவிட்டு, கருத்துச் சொல்லும் அட்டையை நிரப்பி எனிக்ஸ் கம்பெனிக்குப் போட்டார். வந்த பெயரைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் திகைத்து அவரைத் தொடர்புகொள்ள, அப்படித்தான் டிராகன் குவெஸ்ட் அவர் கைக்கு வந்தது. 1986-ல் அது வெளியானபோது அவருக்கு வயது 55. அரண்மனைக்கு பாரோக் சாயலில் ஒன்று, ஊருக்கு ஒன்று, வெட்டவெளிக்கு ஒன்று, குகைக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று. இன்றுவரை ஜப்பானிய ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் கேம்) என்றாலே இந்தக் கட்டம்தான். அதிலும் குகை இசையைக் கேளுங்கள்: படிக்கட்டில் ஒவ்வொரு தளமாக இறங்க இறங்க அதே இசை தாழ்ந்த சுருதியில், மெதுவாக வரும். விளக்கு மங்குவதைக் காதில் காட்டுகிறார்.

இப்போது ஸ்டாப்வாட்சை ஸ்கைரிமில் வையுங்கள். ஜெரமி சோல் இசை, 2011. மலைப்பாதையில் நடக்கிறீர்கள், ஏதோ ஒன்று மெல்ல எழுகிறது, சில நிமிடம் கழித்துத் தானே அடங்குகிறது. பிறகு காற்று மட்டும். பிறகு வேறொன்று. ஒட்டும் இடம் என்று எதுவும் இல்லை, ஏனென்றால் ஒட்டவே இல்லை. மைன்கிராஃப்டும் அப்படித்தான்: சி418 என்ற பெயரில் எழுதும் ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்டின் பியானோ, நிமிடக்கணக்கான அமைதிக்குப் பின் எதிர்பாராமல் வரும். உங்கள் இடத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. சாயங்காலம் மண்வெட்டியோடு நின்றபோது வந்தது என்றுதான் ஞாபகம் இருக்கும். அதுவும் ஒரு நேரம்தானே.

படி 3: கீபோர்டில் நாலு கார்ட்

இது குட்டிப் படி, ஆனால் விட்டுவிடாதீர்கள்.

எஃப், ஜி, இ மைனர், ஏ மைனர். இந்த வரிசையில் ஒவ்வொன்றையும் நாலு எண்ணிக்கை பிடித்து வாசியுங்கள். அனிமே தலைப்புப் பாட்டு ஏதாவது ஒன்று கண்டிப்பாக ஞாபகத்துக்கு வரும். ஜப்பானில் இதற்கு 'ராஜபாட்டை' என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. ஜே-பாப் முழுக்க இதன் மேல்தான் நடக்கிறது, கேம் இசையும் பக்கத்திலேயே நடந்தது. வீட்டுக்கு வருகிற மாதிரி போய் வாசலிலேயே திரும்பிவிடும் ஒரு ஏக்கம் இதில் இருக்கிறது. அந்த ஏக்கம் லூப்புக்கு ரொம்ப வசதி.

அடுத்து ஏ-ஃப்ளாட், பி-ஃப்ளாட், சி. மாரியோ கொடிக்கம்பத்தில் இறங்கியதும் வரும் வெற்றிச் சத்தம் இப்படித்தான் முடிகிறது.

பிறகு ஏ மைனரை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேஸில் ஒரே ஸ்வரத்தைக் குதிரை ஓட்டம் போலத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்தக் கார்டுக்கும் போகாதீர்கள். மேற்கத்திய அதிரடிக் கேமின் சண்டைக் காட்சி தயார். கிண்டலாகச் சொல்லவில்லை. அடுத்த நொடி என்ன நடக்கும் என்று தெரியாத இசைக்கு, எங்கும் போகாமல் நிற்கும் அஸ்திவாரம்தான் தோது. எந்த இடத்திலும் அதை வெட்டலாம்.

"ஜப்பான் இசை என்றால் ஜப்பானிய ராகம்" என்று ஒரு கருத்தும் உலாவுகிறது. நாலாவது, ஏழாவது ஸ்வரங்களைக் கழற்றிவிட்ட ஸ்கேல் ஒன்று அங்கே பிரபலம்தான். பெயரே 'நாலு-ஏழு நீக்கம்' என்ற பொருளில். நம் காதுக்கு அது மோகனம், ச ரி க ப த. கிராமம், திருவிழா என்று வரும் இடங்களில் நிறையவே கேட்கும். ஆனால் பொதுவாக கேம் கம்போசர்கள் அதைவிட அதிகமாகக் கடன் வாங்கியது ஜாஸ் ஃப்யூஷனிடமிருந்து, காஸியோபியா, டி-ஸ்கொயர் மாதிரி குழுக்களிடமிருந்து. 1986-ன் அவுட்ரன்னைப் போடுங்கள். சேகாவின் ஹிரோஷி கவாகுச்சி எழுதியது. கார் கிளம்புமுன் ரேடியோவைத் திருப்பி மூன்று பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கடற்கரை, சிவப்புக் கார், லத்தீன் தாளம். இதில் எங்கே கிமோனோ? ஃபைனல் ஃபேன்டஸியின் நொபுவோ உவெமாட்சு முறையாக இசை படித்தவரே இல்லை, ஆங்கிலேய ராக் கேட்டு வளர்ந்தவர். 1997-ல் ஏழாம் பாகத்தின் கடைசிச் சண்டைக்கு எழுதியபோது ஸ்ட்ராவின்ஸ்கியையும் ஜிமி ஹென்ட்ரிக்ஸையும் ஒரே பானையில் போட்டார். லத்தீன் மொழியில் கோரஸ் வேறு.

படி 4: நீங்கள் ஏதாவது செய்யும்போது இசை என்ன செய்கிறது

இந்தப் படிக்கு ஒரு முழுச் சனிக்கிழமையை ஒதுக்குங்கள். கேம் இசைக்கும் சினிமா இசைக்கும் உள்ள பெரிய வித்தியாசம், அடுத்த காட்சி எப்போது வரும் என்று கேம் கம்போசருக்குத் தெரியாது என்பது. ஆடுபவன் டீ குடிக்கப் போயிருக்கலாம். இந்தச் சிக்கலை இரு பக்கமும் எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள்.

மேற்கின் பேர்போன விடை ஐமியூஸ். லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்கானல் இருவரும் உருவாக்கியது. 1991-ன் மங்கி ஐலண்ட் 2-ல் வந்தது. அதில் வுட்டிக் என்று ஒரு ஊர், உடைந்த கப்பல்களைச் சேர்த்துக் கட்டியது. வெளியே நடக்கும்போது ஒரு இசை. ஒரு கப்பலுக்குள் நுழைந்தால் அதே இசை வேறு வாத்தியத்தில், வேறு மெட்டோடு தொடரும். வெளியே வந்தால் பழையதுக்கே திரும்பும். வேண்டுமென்றே தாளம் தப்பிய இடத்தில் நுழைந்து பாருங்கள். இசை உடனே மாறாது. சரியான இடம் வரும்வரை காத்திருந்து, ஒரு சின்னப் பாலத்தை வாசித்து, அதன் மேல் நடந்து அடுத்ததுக்குப் போகும். இசைக்குள் முன்கூட்டியே குறிகள் வைத்திருக்கிறார்கள். "கதவு திறந்தாச்சு" என்று கேம் சொன்னால், "இரு, இந்த வரியை முடிச்சுட்டு வர்றேன்" என்கிறது இசை. அதை முதல் தடவை கண்டுபிடித்தபோது நான் அரை மணி நேரம் கதையை விட்டுவிட்டு உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழி அடுக்கு முறை. 2010-ன் ரெட் டெட் ரிடெம்ப்ஷனுக்கு பில் எல்ம், வூடி ஜாக்சன் இருவரும் துண்டுகளை ஏ மைனரில், நிமிடத்துக்கு 130 தட்டு வேகத்தில் பதிந்து வைத்தார்கள். அதனால் எந்தத் துண்டின் மேல் எதை வைத்தாலும் பொருந்தும். குதிரையில் ஏறினால் ஒரு பேஸ் சேரும், துரத்தல் தொடங்கினால் தாளம் சேரும். எப்போது சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். பெரும்பாலும் தவறவிடுவீர்கள். தவறவிட வேண்டும் என்பதுதான் நோக்கமே.

இதைப் பார்த்துவிட்டு "செயலுக்கேற்ப மாறும் இசை மேற்கின் கண்டுபிடிப்பு" என்று எழுதிவிடாதீர்கள். 1978-ல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நாலே நாலு ஸ்வரம், இறங்கு வரிசையில். எதிரிகள் குறையக் குறைய அது வேகமெடுக்கும், உங்கள் நெஞ்சும்தான். மாரியோவில் நேரம் 100-க்கு வந்ததும் இசை விரட்டத் தொடங்கும். 1998-ன் ஸெல்டா: ஒகரினா ஆஃப் டைமில் ஹைரூல் மைதானத்து இசை ஒரே நீளப் பாட்டு அல்ல. எட்டு எட்டு தாளக் கட்டு கொண்ட துண்டுகள், சீட்டைக் கலைப்பது போலக் கலைந்து வரும். சும்மா நின்றால் சாந்தமான துண்டு, எதிரி கிட்டே வந்தால் வேறு துண்டு.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? 1990-ன் சூப்பர் மாரியோ வேர்ல்டைப் போட்டு, யோஷி என்ற அந்தப் பச்சை டைனோசர் மேல் ஏறுங்கள். அதே பாட்டில் பாங்கோ டிரம் சேரும். இறங்குங்கள், நின்றுவிடும். ஏறுங்கள், இறங்குங்கள், ஏறுங்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்படி, சுவிட்ச் போட்டு விளக்கு எரிகிற மாதிரி செய்திருக்கிறார் கொண்டோ. ஜப்பானியர் மாற்றத்தைக் காட்டுகிறார்கள், அது உங்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். ரெட் டெட் மாதிரி கேம்களில் மாற்றத்தை மறைக்கிறார்கள், தையல் தெரிந்தால் துணி கெட்டது என்று நினைக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியை நோட்டில் தனிக் கட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாறுவது எனக்குத் தெரியவேண்டும் என்று செய்திருக்கிறார்களா, தெரியக்கூடாது என்றா?

2017-ன் நியர்: ஆட்டோமேட்டா இரண்டையும் செய்யும். கெய்ச்சி ஒகாபேயின் குழு அடக்கமானது, நடுத்தரம், உச்சம் என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறது. நடக்க நடக்க உங்களுக்குத் தெரியாமலேயே பெண் குரல் மேலெழும். ஆனால் எதிரி எந்திரத்துக்குள் ஹேக் செய்து நுழைந்த நொடியில் அதே பாட்டு பழைய 8-பிட் சத்தத்துக்குப் பளிச்சென்று மாறிவிடும்.

படி 5: மௌனத்தையும் கணக்கெடுங்கள்

பத்து நிமிடம் ஆடி, அதில் எத்தனை நிமிடம் இசையே இல்லை என்று குறியுங்கள். மேற்கில் அமைதி அதிகம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், வரவும் வரும். ஆனால் 1986-லேயே நிண்டெண்டோவின் ஹிரோகாஸு டனாகா மெட்ராய்டில் முணுமுணுக்க முடியாத இசையை எழுதினார். எது இசை, எது அந்த வேற்றுலகத்தின் சத்தம் என்று பிரிக்கவே முடியக்கூடாது என்பது அவர் எண்ணம். முழுதாகப் பாடக்கூடிய மெட்டு கடைசி எதிரியை வீழ்த்திய பிறகுதான் வரும், பரிசு மாதிரி. 2011-ன் டார்க் சோல்ஸில் பெரும்பாலான இடங்களில் உங்கள் காலடிச் சத்தம்தான் இசை, பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் அறைக்குள் போனால் மட்டும் கோரஸ் இடிக்கும். 2017-ன் ப்ரெத் ஆஃப் தி வைல்டில் புல்வெளியில் நடக்கும்போது பியானோவில் நாலு துளி, அப்புறம் காற்று. பழைய ஸெல்டா ரசிகர்கள் பலர் "பாட்டு எங்கே?" என்று கோபித்துக்கொண்டார்கள். ஊருக்குள் போனால் பாட்டு இருக்கும்.

படி 6: யார், எங்கே உட்கார்ந்து எழுதினார்

கிரெடிட்ஸை வேகமாக ஓட்டிவிடாதீர்கள். ஜப்பானில் எண்பதுகளிலிருந்தே இசையமைப்பாளர் கம்பெனி ஊழியர். கொண்டோ 1984-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார், அங்கேயே இருந்துவிட்டார். டைட்டோவுக்கு ஸுன்டாடா, சேகாவுக்கு எஸ்.எஸ்.டி. பேண்ட், கேப்காமுக்கு ஆல்ஃப் லைலா என்று அலுவலகத்துக்குள்ளேயே இசைக்குழுக்கள் இருந்தன, மேடையும் ஏறின. கேம் இசையைத் தனியாக வாங்கிக் கேட்கும் பழக்கமும் அங்கே சீக்கிரமே வந்துவிட்டது: யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவின் ஹருவோமி ஹொசோனோ 1984-லேயே நாம்கோ கேம்களின் இசையை ஆல்பமாகத் தயாரித்தார். 1987-ல் டிராகன் குவெஸ்ட் இசையை டோக்கியோவில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரியாக வாசித்தார்கள். தனியாக நின்று கேட்கும்படி எழுத வேண்டிய கட்டாயம் இப்படி உருவானது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு கேம் இசைக்கு நடந்ததும் இந்தப் பாதையில் வந்ததுதான். முதலில் ஒலித்தது சுகியாமாவின் டிராகன் குவெஸ்ட்.

மேற்கில் சி.டி. வந்து உண்மையான ஆர்கெஸ்ட்ராவைப் பதிய முடிந்ததும் கண் ஹாலிவுட் பக்கம் போயிற்று. 1999-ன் மெடல் ஆஃப் ஆனருக்கு எழுதிய மைக்கேல் ஜியாக்கினோ பின்னால் சினிமாவுக்குப் போனார். 2009-ல் ஹான்ஸ் ஸிம்மர் எதிர்த்திசையில் மாடர்ன் வார்ஃபேர் 2-க்கு வந்தார். இந்த முறையில் கம்போசர் பெரும்பாலும் வெளியாள். அவர் துண்டுகளாகக் கொடுப்பார். ஆடியோ டைரக்டரும் அவர் குழுவும் வைஸ், எஃப்மோட் மாதிரி மென்பொருளில் எந்தத் துண்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்று கோப்பார்கள். நேரத்துக்கு இசை என்பது அழகியல் மட்டுமல்ல, வேலைப் பிரிவினையும்தான்.

படி 7: கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரீட்சை

இப்போது நண்பர் ஒருவரைப் பிடித்து, பெயர் சொல்லாமல் பத்து இசையைப் போடச் சொல்லுங்கள். ஜப்பானா, மேற்கா என்று எழுதுங்கள். காரணத்தையும் எழுதுங்கள், காரணம் இல்லாத விடைக்கு மார்க் கிடையாது. நான் செய்தபோது பாதிக்கு மேல் தப்பு.

டாங்கி காங் கன்ட்ரியின் தண்ணீருக்கடி இசையை ஜப்பானியருடையது என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். 1994-ல் எழுதியவர் டேவிட் வைஸ், இங்கிலாந்தில் ரேர் நிறுவனத்தில் இருந்தவர். அதே ரேரின் பாஞ்சோ-கஸூயி, 1998, கிராண்ட் கிர்கோப். அதில் சூனியக்காரியின் கோட்டைக்குள் எந்த உலகத்தின் வாசலை நெருங்குகிறீர்களோ, அதற்கேற்ப ஒரே மெட்டு வாத்தியம் மாறிக்கொண்டே போகும். ஜப்பானியர் போல முணுமுணுக்கலாம், மேற்கத்தியர் போலத் தையல் தெரியாது. 2015-ன் அண்டர்டேலில் அமெரிக்கர் டோபி ஃபாக்ஸ் ஒரே மெட்டைப் பத்துப் பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி உடுத்தியிருப்பார், ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்களை ஆடி வளர்ந்த கை. 2014-ன் ஷவல் நைட்டில் ஜேக் காஃப்மேனோடு, முதல் மெகாமேனின் இசையமைப்பாளர் மனாமி மட்சுமாயேவும் சில பாட்டு எழுதியிருக்கிறார். எது யாருடையது என்று கிரெடிட்ஸ் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

பரீட்சை முடிந்ததும் நோட்டின் கடைசிக் கட்டத்துக்குப் போங்கள், ஒரு மணி நேரம் கழித்து எது ஞாபகம் இருக்கிறது என்ற கட்டத்துக்கு. சில இசைக்கு அங்கே மெட்டையே ஸ்வரமாக எழுதியிருப்பீர்கள். சிலதுக்கு "பனி, ராத்திரி, அந்த மலை" என்று எழுதியிருப்பீர்கள். அதற்கு மேலே 'ஜப்பான்', 'மேற்கு' என்று தலைப்புப் போடாமல் 'இடம்', 'நேரம்' என்று போட்டு, பத்தையும் திரும்பப் பிரித்துப் பாருங்கள். கிர்கோப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.